இரண்டாவது கேள்வி

எங்கள் தலைமுறைக்குப் பொது அறிவு பள்ளிக்கூடத்தில் வந்ததைவிடத் துணுக்குகளில் வந்ததுதான் அதிகம். கல்கண்டு வந்த அன்று வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை நடக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் படத்தில் இருக்கும் தமிழ்வாணன், உலகத்தில் உள்ள எதையும் நாலு வரிக்குள் சொல்லி முடித்துவிடுவார். குமுதத்தை வாங்கினால் முதலில் புரட்டுவது அரசு பதில்கள். பொட்டலம் மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவோம். அப்படிச் சேர்த்த சரக்கைக் கல்யாண வீட்டிலும் ரயில் பயணத்திலும் அவிழ்த்துவிட்டால், "தம்பிக்கு விஷயம் தெரியும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னும் நாலு துணுக்கு மனப்பாடம் செய்வோம்.

ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. காலையில் நடந்துவிட்டு டீக்கடைப் பெஞ்சில் உட்காரும் நாங்கள் ஆறேழு பேர், செய்தித்தாளை அலசி முடித்ததும் கேள்வி கேட்க ஆரம்பிப்போம். சினிமா, சரித்திரம், வைத்தியம், பெரிய மனிதர்கள் என்று எதுவும் வரும். பதில் தெரியாதவர் அன்றைய டீக்குக் காசு கொடுக்க வேண்டும். கைப்பேசி வந்தபின் இந்த விளையாட்டில் ருசி போய்விட்டது. கேள்வி முடிவதற்குள் ஒருவர் தடவிப் பார்த்து விடையைச் சொல்லிவிடுகிறார். அதனால் ஒரு புது விதி கொண்டுவந்தோம். விடை சொன்னால் மட்டும் போதாது. "அது ஏன் அப்படி?" என்று இரண்டாவதாக ஒரு கேள்வி வரும். அதற்கும் பதில் சொன்னால்தான் டீ இலவசம்.

இந்த விதி வந்த பிறகுதான், எங்கள் மதுரையைப் பற்றியே எத்தனை விஷயங்களை நாங்கள் பாதியோடு விட்டிருக்கிறோம் என்று தெரிந்தது.

மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி வீதி, ஆவணி மூல வீதி, ஆடி வீதி என்று திருவிழா மாதங்களின் பெயரில் தெருக்கள் உள்ள ஊரில், இந்த இரண்டு மட்டும் ஏன் மனிதர் பெயரில் இருக்கின்றன? மதுரையைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. ஊர் பெருகப் பெருக உள்ளே மூச்சு முட்டியது. கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில், 1837-ஐ ஒட்டி, கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து, அந்த இடத்தில் புதுத் தெருக்கள் போட்டார்கள். வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படிப் பிறந்தவை. அந்த வேலையோடு சேர்ந்த பெயர்கள்தான் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும். பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கத்தில் மேற்கு வாசலின் ஒரு துண்டு மட்டும் இன்னும் நிற்கிறது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஜவுளிக்கடைக் கூட்டத்தில் தினம் நாம் சொல்லும் 'விளக்குத்தூண்', அந்த பிளாக்பர்ன் நினைவாக ஊர்மக்கள் நிறுத்தியது. கலெக்டருக்குத் தூண் வைத்தார்கள், சரி. ஆனால் தெருவுக்கு ஒரு மேஸ்திரியின் பெயரும் நிலைத்ததே, அதுதான் எனக்குப் பிடித்தது. ராஜாக்கள் பெயரில் ஊர் இருக்கும், மந்திரிகள் பெயரில் நகர் இருக்கும். ஒரு மேஸ்திரி பெயரில் தெரு இருப்பது எத்தனை ஊரில் உண்டு?

சினிமாவுக்கு வருவோம். தங்கம் தியேட்டர் பேச்சு வராமல் மதுரைக்காரன் சினிமா பேச மாட்டான். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறந்தது. 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று வெளியூர்க்காரர்களிடம் மார்தட்டிக்கொள்வோம். அதே படத்தில்தான் சிவாஜி கணேசன் அறிமுகம். புதுத் தியேட்டர், புது நடிகர், கலைஞரின் வசனம், எல்லாம் ஒரே தீபாவளி. இன்று அந்த இடத்தில் துணிக்கடை. அந்த வழியாகப் போகும்போது எங்கள் குழுவில் ஒருவர் இன்னும், "இங்கதான்யா திரை இருந்துச்சு" என்று கையை நீட்டிக் காட்டுவார்.

ஆனால் இரண்டாவது கேள்வி வேலை செய்தது வேறொரு சினிமா வினாவில். "மதுரையில் பிறந்து, பாரத ரத்னா வாங்கிய முதல் சங்கீதக்காரர் யார்?" இது எல்.கே.ஜி. கேள்வி. எம்.எஸ். சுப்புலட்சுமி. 1916-இல் மதுரையில் பிறந்தார், வீணை சண்முகவடிவின் மகள், 1998-இல் பாரத ரத்னா. "அவர் ஆண் வேடம் போட்ட படம் எது?" இதற்கும் ஒருவர் பதில் சொல்லிவிட்டார். 1941-இல் வந்த 'சாவித்திரி'. அதில் எம்.எஸ். நாரதராக நடித்தார். சாவித்திரியாக வந்தவர் மராட்டிய நடிகை சாந்தா ஆப்தே.

இரண்டாவது கேள்வி: "சகுந்தலையாக நடித்துப் பேர் வாங்கிய கதாநாயகி, அடுத்த வருஷமே ஏன் தம்புராவைத் தூக்கிக்கொண்டு நாரதராக வர வேண்டும்?"

பெஞ்சில் சத்தம் இல்லை.

காரணம் ஒரு பத்திரிகை. ஆனந்த விகடனை விட்டு வெளியே வந்த கல்கி கிருஷ்ணமூர்த்தியும் எம்.எஸ்.ஸின் கணவர் சதாசிவமும் சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்க நினைத்தார்கள். கையில் முதல் இல்லை. எம்.எஸ். நாரதர் வேடத்துக்கு ஒப்புக்கொண்டு வாங்கிய சம்பளம்தான் அந்த முதல். 1941 ஆகஸ்டில் 'கல்கி' பிறந்தது. பிறகு அந்தப் பத்திரிகையில்தான் 'சிவகாமியின் சபதம்' வந்தது, 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வந்தது. வாரா வாரம் அந்தத் தொடரை வெட்டி எடுத்து, பைண்டு செய்து, பரணில் வைத்திருந்த வீடுகள் எத்தனை! சில வருஷங்களுக்கு முன் அது இரண்டு பாகமாகத் திரைக்கு வந்தபோது பேரன் பேத்திகளோடு போய்ப் பார்த்தோம். வந்தியத்தேவன் குதிரையில் வருவதற்குப் பின்னால், மதுரையில் பிறந்த ஒரு பெண் நாரதராக வந்து நின்ற கதை இருக்கிறது. 'ஆண் வேடம் போட்டார்' என்பது துணுக்கு. எதற்காகப் போட்டார் என்பதில்தான் அந்த மனுஷி தெரிகிறார்.

இதே படக்கதையில் இன்னொரு இழையும் உண்டு. 'சகுந்தலை', 'மீரா' இரண்டையும் இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'சதி லீலாவதி'யும் (1936) அவர் இயக்கியதுதான்.

சரித்திரக் கேள்விகளில் எங்களை அதிகம் அலைக்கழித்தவர் மருதநாயகம் என்கிற கான்சாகிபு. சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் 1997 அக்டோபர் 16 அன்று இங்கிலாந்து ராணி எலிசபெத் வந்து தொடங்கிவைத்த படம் எது என்று கேட்டால், கமல்ஹாசனின் 'மருதநாயகம்' என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். முடியாமலே போன படம் என்றும் கூடவே ஒரு பெருமூச்சு வரும். அவர் யார் என்றால், "வெள்ளைக்காரனை எதிர்த்து மதுரையில் தூக்கில் தொங்கினவர்" என்பது நம் ஒரு வரி.

அந்த ஒரு வரிக்குள் அவர் அடங்கமாட்டார். ராமநாதபுரத்துப் பனையூரில் பிறந்தவர். கும்பினிப் படையில் சேர்ந்து, சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியாக உயர்ந்தவர். நெற்கட்டும்செவல் பூலித்தேவரை எதிர்த்து, கும்பினி சார்பில் படை நடத்தியவரும் இவர்தான். பிறகு மதுரையை ஆளும் பொறுப்பு வந்தது. ஆற்காட்டு நவாபுக்கும் இவருக்கும் ஒத்துவரவில்லை. 1763-இல் கும்பினியும் நவாபும் சேர்ந்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மேலே சொன்ன அதே கோட்டைதான். மாதக்கணக்கில் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கோட்டை விழுந்தது வெளியே இருந்த பீரங்கியால் அல்ல. உள்ளே இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். அதில் முக்கியமானவன் மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரன். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு. சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது.

தேதியைப் பாருங்கள். தூக்கில் போட்டு 233 வருஷமும் ஒரு நாளும் ஆனபின், அவரைப் பற்றிய படத்தைத் தொடங்கிவைக்க வந்தவர் இங்கிலாந்தின் ராணி. தூக்கில் போட்ட காலத்தில் இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ஜார்ஜின் வாரிசு. பூலித்தேவரை விரும்புகிறவர்களுக்குக் கான்சாகிபு எதிரி. கும்பினியை எதிர்த்தவர்களைக் கொண்டாடுகிறவர்களுக்கு அவர் முன்னோடி. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட முடியாது.

அடுத்து, மதுரைக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த கேள்வி: காந்தி மேலாடையைத் துறந்தது எங்கே, எப்போது? மதுரை, மேலமாசி வீதி, 1921 செப்டம்பர் 22. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். "ஏன்?" என்றால், ஏழைகளைப் பார்த்து மனம் மாறினார் என்பார்கள். அதுவும் சரிதான். ஆனால் காந்தி சொன்ன விவரம் இன்னும் துல்லியமானது. சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வரும்போது, பெட்டியில் இருந்த ஜனங்களிடம் கதர் உடுத்தச் சொல்லியிருக்கிறார். கதர் விலை அதிகம், வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருப்பதை அவர் உணர்ந்தார். குல்லாயும் சட்டையும் முழு வேட்டியுமாக இருந்துகொண்டு, அன்னியத் துணியைக் கொளுத்து என்று ஏழையிடம் எப்படிச் சொல்வது? முழத்துணி போதும் என்று சொல்வதானால், முதலில் தான் அப்படி உடுத்த வேண்டும்.

எத்தனை நாளைக்கு? இந்தக் கேள்வியில் பெஞ்சு முழுவதும் தோற்றது. அக்டோபர் 31 வரையாவது இப்படி இருப்பேன் என்றுதான் அவர் அறிவித்தார். ஐந்தாறு வாரக் கணக்கு. அது வாழ்நாள் முழுவதும் நீண்டது. 1931-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைக்குப் போனபோதும் அதே கோலம்தான். பெரிய விரதங்கள் எல்லாம் பெரிய அறிவிப்போடு தொடங்குவதில்லை போலிருக்கிறது.

அந்தக் காந்தி மதுரைக்கு வந்தும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போகாமலே இருந்தார். 1946-இல்தான் போனார். நடுவில் நடந்தது என்ன? 1939 ஜூலை 8 அன்று, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ஊரே இரண்டுபட்டது. ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்து பாதுகாப்புக் கொடுத்தது. எல்லாருக்கும் திறந்த கதவு வழியாகத்தான் காந்தி உள்ளே போனார்.

அந்த ஐவரில் ஒருவர் பின்னாளில் அமைச்சர் ஆனார். யார்? தும்பைப்பட்டி கக்கன். மேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. கக்கன் என்றதும் அவருக்குக் குரல் மாறிவிடும். 1957 முதல் 1967 வரை பத்து ஆண்டுகள் அமைச்சர். பொதுப்பணித் துறை அவரிடம் இருந்தபோதுதான், 1959-இல், வைகை அணை திறக்கப்பட்டது. பிறகு உள்துறையும் பார்த்தார். எங்கள் குழாயில் வரும் தண்ணீருக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு.

இரண்டாவது கேள்வியை மேலூர்க்காரரே கேட்டார். "எம்.ஜி.ஆர். அவரை எங்க பாத்தாரு?"

இந்த ஒரு கேள்வியில் சினிமா, சரித்திரம், வைத்தியம், பெரிய மனிதர் நாலும் சேர்ந்து வந்துவிட்டன. முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர்., மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த மதுரை முத்துவைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, முன்னாள் அமைச்சர் கக்கனும் இங்கேதான் இருக்கிறார் என்று தெரியவந்தது. எங்கே என்றால், தனி அறையில் இல்லை. எல்லாரையும்போலச் சாதாரண வார்டில். எம்.ஜி.ஆர். நேரே அங்கே போனார். வேறு அறைக்கு மாற்றச் சொல்கிறேன் என்றதற்குக் கக்கன், வேண்டாம், இதுவே போதும் என்றார். அதன்பின் அவருக்கு அரசு உதவிகள் கிடைக்க உத்தரவு வந்தது. 1981 டிசம்பரில் கக்கன் காலமானார். ஒரு காலத்தில் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர், பத்து வருஷம் கோட்டையில் இருந்தவர், பிறகு எந்தச் சலுகையும் கேட்காமல் ஜனங்களோடு ஜனமாகப் படுத்திருந்தார். 'எளிமைக்குப் பேர்போன அமைச்சர் கக்கன்' என்று போட்டித் தேர்வுப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அந்த எளிமை எவ்வளவு கனமானது என்பது அந்த ஒரு வரியில் தெரியாது.

வரலாற்றில் இரண்டாவது கேள்வி கேட்காவிட்டால் நஷ்டம் ரசனைக்குத்தான். வைத்தியத்தில் கேட்காவிட்டால் நஷ்டம் உடம்புக்கு. இதை எங்களுக்குக் காட்டியவர் எங்கள் பெஞ்சிலேயே மூத்தவர். எழுபத்தைந்தைத் தாண்டியவர். எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம்.

அண்ணன் கொஞ்ச நாளாகப் பேப்பரைக் கையில் வாங்குவதே இல்லை. "நீ படி, நான் கேக்குறேன்" என்பார். டீக்குச் சில்லறை கொடுக்கும்போது நோட்டை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்ப்பார்.

"கண்ணுல புரைண்ணே. காட்டிட்டு வாங்க" என்றேன்.

"புரைதான்னு எனக்கே தெரியும் தம்பி. இன்னும் முத்தலை. முத்தினப்புறம்தான் எடுக்கணும். எங்க அப்பாருக்கு அப்படித்தான் பெரிய டாக்டரே சொன்னாரு."

அன்றைக்கு என் முறை. "சரிண்ணே, இரண்டாவது கேள்வி. ஏன் முத்தணும்?"

அண்ணன் சிரித்தார். "அது தெரியாது. முத்தணும், அவ்வளவுதான்."

அவருடைய அப்பாவுக்கு டாக்டர் சொன்னது அன்றைக்குச் சரியான யோசனைதான். அந்தக் காலத்து அறுவையில் புரை விழுந்த லென்ஸைக் கண்ணைத் திறந்து வெளியே எடுக்க வேண்டும். இளம் புரையாக இருந்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, மிச்சம் உள்ளேயே தங்கித் தொல்லை கொடுக்கும். முற்றினால் சுத்தமாக எடுக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. எடுத்த லென்ஸுக்குப் பதிலாக உள்ளே வைக்க ஒன்றும் கிடையாது. ஆபரேஷன் ஆனவர் தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டையை வைத்து அசையாமல் நாள்கணக்கில் கிடப்பார். எழுந்த பிறகு ஆயுசுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி. அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. அப்படி இருக்கும்போது, ஓரளவு தெரிகிற கண்ணில் யார் கை வைப்பார்கள்? அதனால்தான் 'முற்றட்டும்' என்றார்கள்.

இந்தக் கதையை மாற்றியது ஒரு போர் விமானம். இரண்டாம் உலகப் போரில், 1940 ஆகஸ்டில், கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் விமானத்தில் குண்டு பட்டு, மேல் மூடி உடைந்து சில்லுகள் அவர் கண்ணுக்குள் புகுந்தன. அந்த மூடி கண்ணாடியல்ல, பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக். இப்படிக் காயம்பட்ட கண்களைப் பார்த்த லண்டன் டாக்டர் ஹரால்டு ரிட்லி ஒன்றைக் கவனித்தார். அந்தச் சில்லு உள்ளேயே கிடந்தும் கண் அதைப் பகையாக எண்ணவில்லை. அப்படியானால் இதே பொருளில் லென்ஸ் செய்து உள்ளே வைத்தால் என்ன? 1949 நவம்பரில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் லென்ஸை வைத்தார். சக டாக்டர்கள் பலர் வெகுகாலம் அதை ஏற்கவில்லை. கடைசியில் அவருக்கே புரை வந்தபோது, அவர் கண்ணிலும் அதே வகைச் செயற்கை லென்ஸ் வைத்தார்கள்.

அந்த லென்ஸ் மதுரைக்கும் சாமானியனுக்கும் வந்தது இன்னொரு கதை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். முடக்குவாதம் வந்து விரல்கள் எல்லாம் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு. ஓய்வுக்குப் பின் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்று லென்ஸ் செய்யும் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். விலை சுமார் பத்து டாலருக்கு இறங்கியது. ஓய்வுபெற்ற பிறகு என்ன செய்வது என்று கேட்கும் நம் வயதுக்காரர்கள், அந்த 58-ஐயும் அந்த விரல்களையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

லென்ஸ் வந்தது. புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்துச் சிறு துளை வழியாக உறிஞ்சி எடுக்கும் முறையும் வந்தது. இந்த முறைக்கு முற்றாத புரைதான் சுலபம். முற்றினால் கல்லாக இறுகிவிடும். அதைவிட மோசம், முற்றிய புரை வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தைக் கூட்டலாம். அழுத்தம் கூடி நரம்பு கெட்டால், புரையை எடுத்தாலும் போன பார்வை திரும்பாது. அப்பா காலத்தில் சரியாக இருந்த விடை, மகன் காலத்தில் தலைகீழாகிவிட்டது. விடை மட்டும் அப்படியே வீட்டில் தங்கிவிட்டது. காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருந்தால், காரணம் போனபோது விடையும் போயிருக்கும்.

பெஞ்சில் இதெல்லாம் பேசியும் அண்ணன் அசையவில்லை. "பொங்கல் கழியட்டும்" என்றார். இரண்டு வாரத்தில் ஒரு ராத்திரி வலது கண் சிவந்து, தலை பிளக்கிற மாதிரி வலித்து, வாந்தி வந்துவிட்டது. மகன் வெளியூரில். விடிகாலையில் ஆட்டோவில் நானும் இன்னொருவரும் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அந்த இளம் டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் ஏன் வரலை, தாத்தா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அழுத்தத்தைக் குறைத்து, பிறகு புரையை எடுத்தார்கள். வலது கண்ணில் வெளிச்சமும் நிழலாட்டமும் தெரிகிறது, அதற்கு மேல் இல்லை. நரம்பு கெட்டுவிட்டது. இடது கண்ணில் புரை அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்து அதற்கும் ஆபரேஷன் ஆயிற்று. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். மணல் மூட்டையும் இல்லை, சோடாபுட்டியும் இல்லை. மறுவாரம் பெஞ்சுக்கு வந்தவர் பேப்பரை வாங்கித் தானே படித்தார். ஒரு கண்ணோடு படிக்கிறார் என்பது தெரியும் எங்களுக்கு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். 'இன்னும் முற்றவில்லை' என்று வீட்டில் யாராவது சொன்னால், ஏன் முற்ற வேண்டும் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், இந்த வாரமே ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எப்போது எடுப்பது என்பதை அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் வரும் 'உங்களுக்குத் தெரியுமா?' அத்தனைக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பாதி அங்கேயே உதிர்ந்துவிடும். மீதிப் பாதி, மேலூரிலிருந்து திருச்சி போகும் வழியில் தும்பைப்பட்டியில் வண்டியை நிறுத்தி, கக்கன் மணிமண்டபத்தை எட்டிப் பார்க்கவைக்கும்.